பூசை போட்ட மோட்டாரும் மலைச்செடிகளும்

ஆயுத பூசை விடுமுறையன்று வேலைக்கு வருவது அமலாவுக்குப் புதிதல்ல. கிறிஸ்துமஸ் அன்று முனியம்மாள் அவளுடைய வேலையையும் சேர்த்துப் பார்ப்பாள். ஆயுத பூசைக்கு இவள் முனியம்மாளின் வேலையைப் பார்ப்பாள். யாரும் சொல்லி வைத்த ஏற்பாடு இல்லை. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அது தானாக அமைந்துவிடுகிற ஒன்று.

அன்று காலை அவள் கேட்டுக்கு முன்னால் சிதறிக் கிடந்த பூசணிக்காய்த் துண்டுகளை மிதிக்காமல் உள்ளே நுழைந்தாள். பெயின்ட் ஷாப்பின் பின்பக்கம் திரும்பியதும் கால்கள் தாமே நின்றுவிட்டன. அந்த மூலை திரும்பினால் எப்போதும் பசுமைக்குடிலில் இருந்து ஒரு சீறல் கேட்கும். மேலே ஓடும் மெல்லிய குழாய்கள் நீரைப் புகைபோல உமிழும் சத்தம். பத்தடி தள்ளி நின்றாலும் அந்த ஈரம் முகத்தில் படும். இன்று சத்தமும் இல்லை, ஈரமும் இல்லை. காகம் ஒன்று கத்துவது மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஓடினாள்.

குடிலின் வாசலில் இருந்த மோட்டாருக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். நெற்றி போல இருந்த அதன் முன்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும். பக்கத்துச் சுவரில் இருந்த மின்பெட்டிக்கும் அதே அலங்காரம். பெட்டியின் பெரிய கைப்பிடி கீழே இறக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு சிவப்புப் பூட்டு. பூட்டில் தொங்கிய அட்டையில் எலக்ட்ரீஷியன் தசரதனின் பாஸ்போர்ட் அளவுப் படம், சிரிக்காமல் அவளைப் பார்த்தது.

நேற்று மாலை பூசையின்போது அமலா அங்கேதான் இருந்தாள். சாம்பிராணிப் புகைக்கு ஒதுங்கி, மரியாதைக்கு ஓரமாக நின்றிருந்தாள். முனியம்மாள் தசரதனிடம், “எங்க மோட்டாருக்கும் ஒரு பொட்டு வெய்யிடா, வருஷம் பூரா மூச்சு வுடாம ஓடிக்கினு கீது” என்று சொன்னதும் காதில் விழுந்தது. பொட்டு வைக்க ஒரு நிமிடம் நிறுத்துவார்கள், பிறகு போட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். பஸ்ஸை விட்டால் வடக்குப்பட்டுக்கு அடுத்தது எப்போது என்று தெரியாது.

பூசை போட்ட கருவியை மறுநாள்வரை தொடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். அவள் ஊரில் டிராக்டரும் தையல் மிஷினும்கூட அன்றைக்கு ஓய்வெடுக்கும். ஆனால் தண்ணீர் மோட்டாருக்கும் ஓய்வு கொடுப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

உள்ளே போனாள். இரவின் குளிர்ச்சி கொஞ்சம் மிச்சம் இருந்தது. வரிசை வரிசையாகக் கருப்புப் பைகளில் செடிகள், முழங்கால் உயரத்துக்கு மேல் இல்லை. இலைகள் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தன. ஆனால் நுனியில் இருந்த புதுத் தளிர்கள், எப்போதும் ஈரமாகச் செம்பு நிறத்தில் பளபளப்பவை, மங்கியிருந்தன. கிழக்கு வலைக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்தது. வெயில் உச்சிக்கு வந்தால் இந்தக் குடில் அடுப்பாகிவிடும். காற்றை இழுத்து வெளியேற்றும் விசிறிகளும் அதே மின்பெட்டியில்தான் இருந்தன.

அந்தச் செடிக்குத் தமிழில் பெயர் இல்லை. குங்கிலிய மரத்துக்கு உறவு என்று சொன்னார்கள். பையில் செருகியிருந்த வெள்ளைத் தகட்டில் நீளமாக லத்தீனில் ஏதோ எழுதியிருந்தது. தோட்டத்து ஆட்கள் மலைச்செடி என்றார்கள். மேற்கு மலையில் ஒரே ஒரு சரிவில், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய தாய்மரங்கள்தான் மிச்சம். அவையும் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. நினைத்துக்கொண்டாற்போல் ஏதோ ஓர் ஆண்டு காய்க்கும்.

செடிகளைக் கொண்டுவந்து இறக்கிய நாளில் சத்யப்பிரியா விளக்கினாள். மலையில் இருக்கும் சிறிய மரக்காப்பு மையம் ஒன்றில் ஆராய்ச்சி செய்பவள், கோயம்புத்தூர்க்காரி.

“நெல்லு மாதிரி காயவெச்சு டப்பால போட்டு வெக்க முடியாதுங்க, அமலா. காஞ்சா விதை செத்துரும். குளிருல வெச்சாலும் செத்துரும். விழுந்த கையோட மொளைக்கணும். அப்பறம் செடியாவே வெச்சுத்தான் காப்பாத்தியாகணும். அதான் ஒரே எடத்துல வெக்காம கொஞ்சம் இங்க, கொஞ்சம் அங்கன்னு வெக்கறோம்.”

“மலச்செடிய இந்த வெயில்லயா மேடம்?”

“உங்க கம்பெனிதானுங்க குடில் கட்டித் தரேன்னுச்சு. வேற யாரு கட்டுவாங்க?”

அமலாவுக்கு அப்போது அது ஒரு வேலை, அவ்வளவுதான். அதற்கு முன் அவள் கைபேசி செய்யும் ஆலை ஒன்றில் லைனில் இருந்தவள். பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்து, பூதக்கண்ணாடி வழியே பச்சைப் பலகைகளில் ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தன் இருபதுகளைக் கழித்தாள். அந்த ஆலை ஒரு வெள்ளிக்கிழமை மூடியது. திங்கட்கிழமை பஸ் வரவில்லை. பிறகு கல்யாணம், யாக்கோபு, ஷாரோன் பிறந்தது. யாக்கோபு கம்பெனி பஸ் ஓட்டுபவன். அவன் மூலமாகத்தான் இந்த உதிரிபாகத் தொழிற்சாலையின் தோட்ட ஒப்பந்தத்தில் இடம் கிடைத்தது. முனியம்மாள் வெளியே அரளியையும் காகிதப்பூவையும் பார்த்துக்கொண்டாள். அமலா குடிலுக்குள். இந்தச் செடிகள் ஆண்டு முழுவதற்கும் இரண்டு இலை விடும். அவளுக்குப் பொறுமை இருந்தது.

ஆகஸ்டில் வந்த ஒரு தொலைபேசிதான் எல்லாவற்றையும் மாற்றியது. தென்மேற்கு மழையில் மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து, மையத்தின் நாற்றங்கால் மண்ணுக்குள் போய்விட்டது. கூடவே தாய்மரங்களில் சிலவும். சத்யப்பிரியா அழவில்லை. குரல்தான் தட்டையாக இருந்தது.

“இனி உங்ககிட்ட இருக்கறதுதாங்க, அமலா.”

அன்றிலிருந்து சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் அமலா குடிலுக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போனாள். யாக்கோபு கிண்டல் செய்வான். “இன்னா, உன் மலை மாமியார் வூட்டுக்குக் கெளம்பிட்டியா? எங்கம்மாவ இப்டி ஒரு நாளு பாத்துக்கினியா?”

இப்போது அவள் தசரதனை அழைத்தாள். நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது. மறுபடி அழைத்தாள். அதே பெண்குரல். தசரதனுக்கு வாலாஜாபாத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைப்பதாக நேற்றுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

விடுமுறை நாளில் ஆலைக்குப் பொறுப்பு சேஃப்டி ஆபீசர் மோகன். அவள் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் அவர் கேட்டார். எழுந்து வந்து பூட்டையும் பார்த்தார்.

“இது என் பூட்டு இல்ல, அமலா. தசரதன் பூட்டு. அவரு வந்து தொறக்கணும். இல்லன்னா அவரு போன்ல இருக்கறப்ப, பிளான்ட் ஹெட் சொல்லி, நான் வெட்டணும். ரெண்டும் இல்லாம யாரும் கை வெக்கக் கூடாது.”

“செடி செத்துப்பூடும் சார்.”

“செடி செத்தா ரிப்போர்ட் எழுதிக்கலாம். ஆளு செத்தா?”

“இங்க ஆளு எங்க சார் கீறாங்க? கம்பெனியே காலியா கீது.”

“அது பூட்டு போட்டவருக்குத்தான் தெரியும்” என்றார் மோகன். இந்தப் பூட்டு வழக்கம் அவளுக்கும் தெரியாததல்ல. இயந்திரத்தைத் திறந்து வேலை பார்க்கிறவர் அதன் மின்பெட்டியில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். அவர் கை உள்ளே இருக்கும்போது வேறு யாரும் மின்சாரம் கொடுத்துவிட முடியாது. பிரஸ் ஷாப்பில் விரல் போன ஒருவர் இப்போது கேட்டில் உட்கார்ந்து வண்டி எண் எழுதுகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எல்லோருக்கும் அந்த விதி நினைவுக்கு வரும்.

“நான் தசரதனைப் புடிக்கப் பாக்கறேன். அவர் சம்சாரம் நம்பர் ஹெச்.ஆர்.ல இருக்கும்” என்று சொல்லிவிட்டு மோகன் உள்ளே போனார்.

அமலா குடிலுக்குத் திரும்பினாள். சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். தொட்டியில் உப்பு நீக்கிய தண்ணீர் நிறைய இருந்தது. ஆனால் அதை மேலே ஏற்ற மோட்டார் வேண்டும். வாளியில் மொண்டு பைகளுக்கு ஊற்றினாள். வேருக்குத் தண்ணீர் போதும். இலைகளுக்கு வேண்டியது ஈரக்காற்று. அதை வாளியில் மொள்ள முடியாது. பக்கத் திரையைச் சுருட்டிவிட்டாள். வெளியிலிருந்து வந்த காற்று தார்ச்சாலையின் சூட்டை வாரிக்கொண்டு வந்தது. உடனே இறக்கிவிட்டாள்.

மேற்கு ஓரத்து வரிசையில் தளிர்கள் தலை கவிழத் தொடங்கியிருந்தன.

அவள் டூல் ரூமுக்கு நடந்தாள். ஓடவில்லை, ஓடினால் யாராவது கேட்பார்கள். பொருள்கள் எடுக்கும் ஜன்னலில் ஆள் இல்லை. கம்பி வெட்டும் பெரிய கட்டர் சுவரில் மாட்டியிருந்தது. அதற்கும் யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டாள்.

மின்பெட்டியின் முன் நின்று, கட்டரின் வாயைப் பூட்டின் வளையத்தில் பொருத்தினாள். வேலை போகும். போகட்டும். ஒப்பந்தக்காரரிடம் இன்னொரு தோட்டம் இருக்கும். யாக்கோபு இரண்டு நாள் பேச மாட்டான். மலையில் அந்தச் சரிவு மறுபடியும் எப்போது காய்க்கும் என்று யாருக்குத் தெரியும்?

கைப்பிடிகளை நெருக்கப் போனபோது பெரிய கைப்பிடிக்குக் கீழே இருந்த சின்னச் சுவிட்சுகளின் வரிசை கண்ணில் பட்டது. ஒவ்வொன்றுக்கும் மேலே பெயர் ஒட்டியிருக்கும்: மிஸ்ட் மோட்டார், குடில் விசிறி, கூலிங் டவர் விசிறி. இன்று எல்லாப் பெயர்களின் மீதும் சந்தனம் அப்பியிருந்தது. எது எது என்று தெரியவில்லை. எது போட்டிருக்கிறது, எது அணைத்திருக்கிறது என்பதும் தெரியவில்லை. பெரிய கைப்பிடியை ஏற்றினால் போட்டிருப்பதெல்லாம் ஓடும்.

அப்போதுதான் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சுத்தியல் சத்தம். பெயின்ட் ஷாப் கூரைக்கு மேல், ஆலையின் சுடுநீரைக் குளிரவைக்கும் கூலிங் டவரின் பெரிய விசிறி இருக்கும் கூண்டுக்குள்ளிருந்து.

அவள் கட்டரைத் தரையில் வைத்துவிட்டு, இரும்பு ஏணியில் பாதி ஏறிக் கூவினாள். “உள்ள யாருப்பா?”

கூண்டின் விளிம்புக்கு மேலே ஒரு தலை எழுந்தது. துரு படிந்த முகம். அதன் பின்னால் இன்னொன்று. வெளி ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆட்கள்; விடுமுறையில்தான் விசிறியின் இறக்கைகளுக்குப் பெயின்ட் அடிக்க முடியும்.

“இன்னாக்கா? டீ வந்துச்சா?”

அமலா ஏணிக் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். வெயிலில் கம்பி சுட்டது. இறங்கி வந்து கட்டரை எடுத்துப் போய், இருந்த இடத்தில் மாட்டினாள். பிறகு தரையில் உட்கார்ந்து சத்யப்பிரியாவை அழைத்தாள்.

“மோட்டார் ஓடாது மேடம், எப்ப ஓடும்னு தெரியாது” என்றாள். காரணம் சொல்ல நேரமில்லை.

சத்யப்பிரியாவும் காரணம் கேட்கவில்லை. “சரிங்க. அப்ப செடிய அங்க இருந்து எடுத்துருங்க. வெயில் ஆகாது. காத்து ஆகாது. ஈரமா, மூடுன எடமா ஏதாச்சும் இருக்குதுங்களா?”

அதற்குள் மோகன் வந்து நின்றிருந்தார். “சர்வர் ரூம்ல ஏசி ஓடுது. அங்க வெக்கலாமே?”

“ஏசி வேண்டாம்னு சொல்லுங்க” என்றாள் சத்யப்பிரியா, அவர் குரலைக் கேட்டுவிட்டு. “இருக்கற ஈரத்தையும் அது உறிஞ்சிரும்.”

ஈரமாக, மூடிய இடம். அமலா ஒரு கணம் கண்ணை மூடினாள். பெயின்ட் ஷாப் ஆட்கள் ஷிஃப்ட் முடிந்து குளிக்கும் அறை. பெண்கள் பக்கம். கூரைவரை வெள்ளை டைல்ஸ், உயரத்தில் சின்ன ஜன்னல், நடுப்பகலிலும் விளக்கு போட வேண்டும். எப்போதும் சுவர் வியர்த்திருக்கும் என்று பெண்கள் முகம் சுளிக்கும் அறை.

முனியம்மாளின் வீடு கேட்டிலிருந்து கூப்பிடு தூரம். போன் எடுத்ததும் அவள் முதலில் சண்டைக்கு வந்தாள்.

“இன்னாடி சொல்ற? ஒரு நாளு தண்ணி காட்டலன்னா செத்துப்பூடுமா? நம்ம அரளி ஒரு வாரம் தாங்குது!”

“அது அரளிக்கா. இது மழைலயே பொறந்தது. வா சீக்கிரம்.”

புதுப்புடவையோடு வந்தாள். குடிலுக்குள் நுழைந்து, கவிழ்ந்த தளிர்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“நான்தான்டி அவன்கிட்ட சொன்னேன். பொட்டு வெச்சதோட வுடாத, காலைலவரைக்கும் அதுக்கு ரெஸ்ட்டு குடுன்னு.”

“பேசாத எடு.”

பாகங்களை லைனுக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டிகளில் செடிகளை அடுக்கினார்கள். மேலே ஈரச் சாக்கு. வெளியே சுற்றிப் போனால் வெயில். அதனால் ஆலைக்குள்ளேயே, லைனின் நடு வழியாகத் தள்ளினார்கள். இரு பக்கமும் வெல்டிங் ரோபோக்கள் கழுத்தைக் குனிந்து மாலையோடு நின்றன. கன்வேயரில் எலுமிச்சம்பழங்கள். சக்கரத்தின் கிறீச்சொலி கூரைவரை போய்த் திரும்பியது. ஒரு மேட்டில் வண்டி குலுங்கியபோது அமலா தன் உடம்பையே குறுக்கே சாய்த்துப் பைகளைத் தாங்கினாள்.

இரண்டாவது நடைக்குத் திரும்பியபோது மோகனும் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு வண்டியைப் பிடித்திருந்தார்.

“சார், லேடீஸ் பாத்ரூம்” என்றாள் முனியம்மாள்.

“வாசல்வரைக்கும் தள்ளறேன்மா. உள்ள நீங்க பாத்துக்குங்க.”

“உள்ள யாரு கீறாங்க, வெக்கப்பட? செடிதான கீது. வா சார்.”

அவர் வந்தார்.

குழாயைத் திறந்து தரை முழுவதும் தண்ணீர் விட்டார்கள். அது போர்வெல் தண்ணீர், உப்பு. இலையில் பட்டால் கருகிவிடும். தரைக்கும் சுவருக்கும் மட்டும். இலைக்குக் கேன்டீனிலிருந்து குடிதண்ணீர் கேன்கள் வந்தன. கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே பாட்டில்களைச் சோப்பு வாசனை போகும்வரை முனியம்மாள் கழுவிக் கழுவி முகர்ந்து பார்த்தாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கமாக, புகைபோலப் படும்படி அடிக்கத் தொடங்கினார்கள். விரல் மரத்தால் கை மாற்றினார்கள். கதவிடுக்கில் சாக்கு அடைத்திருந்ததால் அறை மெல்ல மெல்ல மூச்சுவிடச் சிரமமாகும் அளவுக்கு ஈரமானது. அமலாவுக்கு அந்தப் புழுக்கம் ஆறுதலாக இருந்தது.

தசரதன் வந்து சேர்ந்தபோது பிற்பகலாகிவிட்டது. மோகன் பிடித்த வழி சுற்றுவழி: மனைவியின் நம்பர், அவள் அண்ணன், கோயில் பூசாரி. பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி, பைக்கில் அடித்த காற்றில் கலைந்த தலை. அமலா குளியலறையிலிருந்து ஓடி வந்தாள்.

“அண்ணா, சீக்கிரம் தொற.”

அவன் பூட்டைத் தொடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக ஏணிக்குப் போனான். கூண்டிலிருந்து இருவரையும் இறக்கினான். சுத்தியல், டப்பா, தூரிகை எல்லாம் வெளியே வந்ததா என்று கேட்டான். மறுபடி ஏறி உள்ளே எட்டிப் பார்த்தான். பின்னர்தான் அரைஞாணில் கட்டியிருந்த சாவியை எடுத்தான். சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்து, கூலிங் டவர் விசிறியின் பெயரைப் படித்தான். அது போட்டபடியே இருந்தது.

அதைப் பார்த்த அமலா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

குழாய்கள் இருமின, துப்பின, பிறகு சீறின. தசரதன் அப்போதுதான் முனியம்மாளைப் பார்த்தான்.

“நீதான ரெஸ்ட்டு குடுன்ன? சாமி கும்பிடறவன பாதில இட்டாந்துட்டியே!”

“நான் மோட்டாருக்குக் குடுன்னேன். நீ இன்னாத்துக்கு மொத்தமா பூட்டிக்கினு பூட்ட?”

“ஆளு ஏறுறான்னா மொத்தமாத்தான் பூட்டணும். டவரு சுவிட்ச அணைக்க மறந்தது என் தப்பு. அது வேற.”

“அதுக்கும் சேத்து அந்த அம்மனாண்ட மன்னிப்பு கேளு, போ.”

குடில் குளிர்ந்த பிறகே செடிகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அன்று எல்லாமே உயிரோடு இருப்பதுபோலத்தான் தெரிந்தது. ஆனால் இந்தச் செடிகள் எதையும் மெதுவாகத்தான் சொல்லும். அடுத்த நாள்களில் மேற்கு ஓரத்து வரிசையில் தளிர்கள் கறுத்தன. கறுப்பு தண்டில் இறங்கியது. அமலா ஒவ்வொரு காலையும் நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை தெரிந்தால் அடுத்ததற்குப் போனாள். பழுப்பு தெரிந்தவற்றையும் அவள் தனியே எடுத்து வைக்கவில்லை. சத்யப்பிரியா வந்து பார்க்கட்டும் என்று அதே இடத்தில் விட்டாள்.

அடுத்த வாரம் சத்யப்பிரியா வேனில் வந்தாள். நடந்தது முழுவதையும் முனியம்மாளே முந்திக்கொண்டு சொன்னாள், தன் பங்கையும் மறைக்காமல். சத்யப்பிரியா மேற்கு வரிசையின் முன் குந்தி உட்கார்ந்தாள். செத்த செடி ஒன்றைப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு மற்ற வரிசைகளைப் பார்த்தாள்.

“மிச்சமெல்லாம் நல்லாருக்குதுங்க” என்றாள் கடைசியில். “மலையில இன்னும் கூரை போடலை. எல்லாம் இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

அமலா அந்தச் சொல்லுக்காக ஆசைப்பட்டிருந்தவள். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். இப்போது அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

“வேணாம் மேடம். பாதிய எடுத்துகினு பூடுங்க.”

“உங்களை நம்பித்தானுங்க விடறேன்.”

“என்ன நம்புங்க. இந்த எடத்த நம்பாதீங்க. நான் இல்லாதப்போ ஒருத்தன் நல்ல மனசோட வந்து அணைச்சிட்டுப் போவான். யாரையும் திட்டவும் முடியாது.”

“எங்கங்க கொண்டு போறது?”

“அத நீங்கதான் பாக்கணும் மேடம்.”

சத்யப்பிரியா வெளியே போய் யார் யாரிடமோ பேசினாள். குடிலின் வலை வழியாக அவள் முன்னும் பின்னும் நடப்பது தெரிந்தது. வெகுநேரம் கழித்து வந்து, குன்னூர்ப் பக்கம் ஒரு கல்லூரித் தோட்டத்தில் கண்ணாடி வீடு காலியாக இருப்பதாகச் சொன்னாள். சரிப்படுமா என்று அவளுக்கே முழு நிச்சயம் இல்லை.

பிரிக்கும் வேலையை அமலா வேறு யாரிடமும் விடவில்லை. தண்டு தடித்தவை, இலை அடர்ந்தவை, சேதமே இல்லாதவை, எல்லாவற்றையும் வேன் பக்கம் வைத்தாள். நுனி கருகி அடியில் பச்சை மிச்சமிருந்தவற்றைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“நல்லதையெல்லாம் எனக்கே குடுக்கறீங்களே.”

“வழில குலுங்கும் மேடம். இதுங்க தாங்காது.”

வேன் கிளம்பியபோது ஷிஃப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் கேட்டுக்குள் வரிசையாக நுழைந்துகொண்டிருந்தன. ஓட்டுநர்கள் ஹாரன் அடித்தார்கள். பஸ்களுக்கு இடையில் வேன் ஊர்ந்தது. அமலா ஒரு கையால் பின்கதவைத் தொட்டபடி கூடவே நடந்தாள். வேகத்தடை வந்தபோது டிரைவர் நிறுத்தி நிறுத்தி ஏற்றினார்.

சாலையைத் தொட்டதும் வேன் வேகமெடுத்தது. அப்போதுதான் முன்பக்க ஜன்னல் கண்ணாடியை டிரைவர் ஏற்றிவிடுவதைக் கவனித்தாள். கூட்டத்தில் யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல், வாழ்நாளில் அதுவரை தெருவில் குரல் உயர்த்தியிராத அந்தப் பெண், கையை வீசிக்கொண்டு வேனின் பின்னால் ஓடினாள்.

“அண்ணே! ஏசி போடாத! ஏசி போடாதண்ணே!”